ஆத்துல எறங்கலாமா?

வெங்காயம் விஷவாயுவை உறிஞ்சிவிடும் என்று ஒரு காலத்தில் நான் நம்பினேன். நம்பியதில்கூட அவ்வளவு கேவலம் இல்லை. அந்த வெங்காயத்தைக் கிளப்பிவிட்டவனே நான்தான்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். திருவொற்றியூரில் எங்கள் வீடு. ராயபுரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் மாலைநேர இதழியல் டிப்ளமோ நடத்திக்கொண்டிருந்தார்கள், அதில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மூன்று மாதத்தில் ஒரு மனிதனுக்கு எவ்வளவு திமிர் வரமுடியுமோ அவ்வளவும் வந்திருந்தது. சட்டைப் பையில் பேனா இரண்டு. தெருவில் நாய் குரைத்தால்கூட ஏன், எப்போது, யாரைப் பார்த்து என்று கேட்கிற நிலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளிக்கூட சிநேகிதன் ஒருவனிடமிருந்து கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. துறைமுகத்தில் நிற்கும் கப்பலில் விஷவாயு கசிகிறது, ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை இருப்பவர்கள் உடனே கிளம்பவும், கஸ்டம்ஸில் இருக்கும் மாமா சொன்னது, பத்துப் பேருக்கு அனுப்பவும். யாருடைய மாமா என்று நான் கேட்கவில்லை. பத்து என்று போட்டிருந்ததை நாற்பதாக்கி அனுப்பினேன். பத்திரிகைக்காரன் அல்லவா, கடமை கூடுதல்.

அனுப்புவதற்கு முன் செய்தி கொஞ்சம் மொட்டையாக இருப்பதாகத் தோன்றியது. ஓடு என்கிறது, ஓட முடியாதவன் என்ன செய்வான்? அந்த நேரம் பார்த்து அம்மா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண் எரிந்தது. எரிச்சலுக்கும் வாயுவுக்கும் என் மூளை அங்கேயே ஒரு கல்யாணத்தை முடித்துவைத்துவிட்டது. ‘வெங்காயத்தை நறுக்கி அருகில் வைத்துக்கொள்ளவும், வாயுவை இழுத்துக்கொள்ளும்’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினேன்.

அரைமணி நேரம் கழித்து, முன்பின் தெரியாத எண்ணிலிருந்து அதே செய்தி எனக்கு வந்தது. அதன் கடைசி வரி: ‘டாக்டர்கள் கூறுவது, வெங்காயத்தை நறுக்கி அருகில் வைக்கவும்.’

என் வெங்காயத்தை நானே முழுசாக நம்பியது அப்போதுதான். அதுவரை மாமா சொன்ன செய்தி, இப்போது டாக்டரே சொல்லிவிட்டார்! ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவை எழுப்பினேன். அவர் லுங்கியும் பனியனுமாக, அம்மா கையில் ரேஷன் கார்டோடு, நான் ஒரு துணிப்பையில் ஒன்றரைக் கிலோ வெங்காயத்தோடு, மூவரும் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினோம். துறைமுகம் தெற்கே, ஆகவே வடக்கே ஓட வேண்டும். கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினோம்.

பெட்டியில் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்டார்.

“இன்னாபா, ஆஸ்பத்திரிக்கா?”

நான் துண்டை இறக்காமலேயே விஷயத்தைச் சொன்னேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகள் வரிசையாக ஊதிக்கொண்டிருந்தன.

“கேஸுக்குப் பயந்துகினு எண்ணூர் பக்கம் ஓட்றியே நைனா, அங்க இன்னா பன்னீரா தெளிக்கிறாங்க?”

பெட்டியே சிரித்தது. அத்திப்பட்டில் இறங்கினோம். பிளாட்பார பெஞ்சில் மூன்று வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்தோம். ஒரு மணி நேரத்தில் வெங்காயத்தின் மேல் சாம்பல் மெல்லிசாகப் படிந்திருந்தது. கப்பல் சாம்பல் இல்லை, அந்த ஊர் அனல்மின் நிலையத்துச் சாம்பல், தினமும் விழுவது. அப்பா ஒரு பாதியை எடுத்து ஊதிவிட்டு, “உப்பு எடுத்தாந்தியா?” என்றார். அன்று அவர் பேசியது அது ஒன்றுதான்.

கப்பலும் இல்லை, வாயுவும் இல்லை. எங்கள் தெருவில் எனக்குப் பெயர் ‘வெங்காயம்’ என்று ஆனது. டீக்கடையில் கிளாஸை நீட்டும்போதே, “வெங்காயம், இன்னைக்கு காத்து எப்டி கீது?” என்று விசாரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிப்பது எனக்குச் சுலபம், அதனால்தான் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன். ஆனால் உள்ளே ஒன்று இறுகிக்கொண்டது. இனிமேல் எவனும் என்னை ஏமாற்றமுடியாது என்ற வைராக்கியம். அந்த வைராக்கியத்தைப் பற்றித்தான் இங்கே சொல்லவேண்டும்.

வகுப்பில் என்னோடு ஒட்டிக்கொண்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தன் நெட்டுக்குப்பத்தான். அவன் வீட்டில் எல்லாரும் எண்ணூர் ஆற்று முகத்துவாரத்தை நம்பிப் பிழைப்பவர்கள். குப்பத்தில் பட்டப்படிப்பு முடித்த முதல் ஐந்தாறு பேரில் ஒருவன். இன்னொருத்தி வண்ணாரப்பேட்டைக்காரி. அவளுடைய அத்தாவுக்கு ராயபுரத்தில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை. எதையும் பென்சிலில்தான் எழுதுவாள். “தப்புன்னா அழிக்கலாம் பாரு” என்பாள். வெங்காயக் கதையை நான் நடித்துக் காட்டியபோது வகுப்பே உருண்டு சிரித்தது. அவள் மட்டும் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

“அந்த நாப்பது பேருக்கும் திரும்ப மெசேஜ் போட்டியா, பொய்யின்னு?”

நான் போடவில்லை. வெட்கமாக இருந்தது.

அவள் கேட்டதிலிருந்து பிறந்ததுதான் பொய்ப்பலகை. அப்போது கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் விழுந்து கிடந்த ஒரு சமூக வலைத்தளம் இருந்தது. இன்று அது இல்லை. அதில் ஊர் ஊராகக் குழுக்கள். வடசென்னைப் பையன்கள் குழு ஒன்றில் சில ஆயிரம் பேர் இருந்தார்கள். குறுஞ்செய்தியில் சுற்றுகிற புரளியெல்லாம் கடைசியில் அங்கே வந்து உட்காரும். நாங்கள் மூவரும் தேரடிக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஒரே நாற்காலியில் ஒன்றரைப் பேராக உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு புரளியாக எடுத்து விசாரித்து, அதன் கீழே சிவப்பு எழுத்தில் ‘பொய்’ என்றோ பச்சை எழுத்தில் ‘நிஜம்’ என்றோ போடுவது என்று ஏற்பாடு.

வேலைப் பங்கீடு எளிது. அவள் எழுதுவாள். நெட்டுக்குப்பத்தான் நேரில் போய்ப் பார்ப்பான். நான் போன் பேசுவேன். குரலை மாற்றிப் பேசுவதில் எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. தொண்டையைச் செருமிக்கொண்டு, “வணக்கம், பத்திரிகையிலிருந்து பேசறோம்” என்று நான் ஆரம்பித்தால் எதிர்முனையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கும். எந்தப் பத்திரிகை என்று கேட்டால் லைன் கட்டாகிவிடும். அது என் கைவேலை.

ஒரு நாளிதழிலிருந்து வகுப்பு எடுக்க வந்த துணையாசிரியர் ஒரு விதி சொல்லியிருந்தார். இரண்டு இடத்தில் உறுதியானால்தான் செய்தி. அவர் தினமும் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்ன பத்து விதிகளில் அது ஒன்று. நாங்கள் அதை மட்டும் பிடித்துக்கொண்டோம். வண்ணாரப்பேட்டைக்காரி தன் பங்குக்கு ஒரு பட்டியல் போட்டாள். அனுப்பியவன் பெயர் இருக்காது, தேதி இருக்காது, பதறும், தெரிந்தவர் ஒருவர் சொன்னதாகச் சொல்லும், மற்றவர்களுக்கும் அனுப்பு என்று கெஞ்சும். இந்த ஐந்தும் இருந்தால் அது பொய்யாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று பென்சிலில் எழுதியிருந்தாள். ‘வாய்ப்பு அதிகம்’ என்ற இரண்டு சொற்களை நான் படித்ததாக ஞாபகம் இல்லை.

குறிப்பிட்ட எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுத்தவன் ரத்தம் கக்கிச் சாவான் என்று ஒரு புரளி. நானே அந்த எண்ணைக் கூப்பிட்டேன். பல்லாவரத்தில் ஒரு தையல்காரர் எடுத்தார். “நீ இருநூறாவது ஆளுபா, வேலையைப் பாரு” என்று அழுதார். பொய். பவுர்ணமியன்று கடல் மறுபடி உள்ளே வரும் என்று ஒன்று. அந்த டிசம்பர் அலைக்குப் பிறகு கடலோரத்தில் அப்படி மாதம் ஒரு செய்தி வரும், ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயில்வே லைனுக்கு ஓடுவார்கள். பொய். பால் பாக்கெட், குழந்தை பிடிப்பவன், உப்புத் தட்டுப்பாடு. பொய், பொய், பொய். ஆறு மாதத்தில் பச்சை எழுத்துக்கு வேலையே வரவில்லை.

பயன் என்ன என்று கேட்டால், ஒன்றும் இல்லை. புரளியின் கீழே இருநூறு பேர் பதறியிருப்பார்கள். எங்கள் சிவப்பு எழுத்தின் கீழே மூன்று பேர் பாராட்டியிருப்பார்கள், அந்த மூன்று பேரும் நாங்களே. ஒருவன் மட்டும் ஒருநாள், “நீங்க யாருடா சொல்றதுக்கு?” என்று எழுதியிருந்தான். வாசகர் கடிதம் வந்துவிட்டது என்று அன்று மூவரும் சமோசா சாப்பிட்டோம்.

நெட்டுக்குப்பத்தானின் அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் ஆற்றில் கையால் இறால் பிடிப்பவர். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. தண்ணீர் வற்றும் நேரத்தில் இடுப்பளவு ஆற்றில் இறங்கி முட்டி போட்டு நகர்ந்துகொண்டே, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டு போவார். பறி என்கிற பனையோலைக் கூடையின் கயிறு பல்லில் இருக்கும். சேற்றுக்குள் இறாலின் மீசை விரல் நுனியில் பட்டதும் அமுக்கிப் பறியில் போடவேண்டும். கண்ணால் பார்க்க முடியாது, அந்தத் தண்ணீரில் எதையும் பார்க்க முடியாது. எல்லாம் விரல் நுனிதான். குப்பத்தில் அவர் கைக்கு அப்படி ஒரு பேர். மற்றவர்கள் தடவிவிட்டுப் போன இடத்தில் அவர் திரும்பத் தடவி அரைப் பறி எடுப்பார் என்பார்கள்.

என்னைப் பார்த்தால் அவருக்கு ஒரே குஷி. “வாடா வெங்காயம்” என்றுதான் கூப்பிடுவார். மகன் சொல்லித்தொலைத்திருந்தான். ஒருமுறை என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னாடா கை இது, பஞ்சு மிட்டாய் மாறி? இத்த வெச்சிகினு நீ ஈரக்கூட புடிக்க முடியாதே” என்றார். ஈர் என்றால் தலைப்பேன் முட்டை. நான் சமாளித்தேன்.

“நாங்க நியூஸ் புடிக்கிறவங்க, அத்தை.”

“எத்தினி புடிச்சீங்க?”

“இதுவரைக்கும் பொய்தான் மாட்டிருக்கு.”

“அத்த துன்னுடா போ” என்று சுடச்சுட இறால் வறுவலை என் தட்டில் கொட்டினார்.

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் செய்தி வந்தது. முதலில் குறுஞ்செய்தியாக, பிறகு குழுவில். ‘எண்ணூர் ஆத்துல நேத்து ஆசிட் தண்ணி வுட்டுட்டாங்க. யாரும் எறங்காதீங்க. தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு கால் வெந்துபோச்சு. எல்லாருக்கும் சொல்லுங்க.’

பெயர் இல்லை. எந்தத் தேதி ‘நேத்து’ என்று இல்லை. பதற்றம் இருந்தது. தெரிந்தவர் இருந்தார். எல்லாருக்கும் சொல்லச் சொன்னது. பட்டியலின் ஐந்தும் டாண் டாண் என்று பொருந்தின. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷமே வந்தது. அத்திப்பட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பழைய என்னை ஓங்கி ஒரு அறை விட வாய்ப்புக் கிடைத்ததுபோல.

ஆனால் குப்பத்தில் கையால் பிடிப்பவர்கள் இறங்குவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று நாள் ஆற்றில் ஆளில்லை. இறால் ஓட்டம் நன்றாக இருந்த சமயம் வேறு. திங்கட்கிழமை காலை நெட்டுக்குப்பத்தான் பிரவுசிங் சென்டருக்கு வந்தான்.

“மாமு, எங்கம்மா கேட்டுகினே கீது. ஆத்துல எறங்கலாமா வாணாமா? உன் தோஸ்துங்கள விசாரிக்கச் சொல்லு, அவன் என்னா சொல்றானோ அத்த கேட்டுக்கறேன்னு சொல்லுது. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கபா.”

எங்கள் சிவப்பு எழுத்தை நிஜமாகவே ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்தில் ஆற்றில் தண்ணீர் விடக்கூடிய ஒரு கம்பெனியைக் கூப்பிட்டேன். அது எது என்று எழுதப்போவதில்லை, ஏனென்றால் அதுதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவர் மிக மரியாதையாகப் பேசினார். “சார், அப்படி எந்த இன்சிடென்ட்டும் கிடையாது.” ஒன்று ஆயிற்று. பிறகு அதற்கான அரசு அலுவலகம். அங்கே ஒருவர், “இருங்க, கேட்டுச் சொல்றேன்” என்று ரிசீவரை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். மின்விசிறிச் சத்தம் கேட்டது. தூரத்தில் அவர் வேறொரு போனில் யாரோடோ பேசிச் சிரிப்பது கேட்டது. திரும்பி வந்து, “ஒண்ணும் இல்லையாம் சார், வதந்தி” என்றார். இரண்டு ஆயிற்று.

இல்லை-யாம். அந்த ‘யாம்’ என் காதில் விழுந்தது. விழாமல் இல்லை. அவர் யாரிடம் கேட்டிருப்பார், நான் ஐந்து நிமிடம் முன்னால் பேசிய அதே மரியாதைக்காரரிடம்தானே என்று யோசிக்க அரை நொடி போதும். ஒரு வெங்காயம் கிளம்பிப் போய் டாக்டராகித் திரும்பி வந்த கதையை ஊரெல்லாம் நடித்துக் காட்டியவன் நான். அந்த அரை நொடியை நான் செலவழிக்கவில்லை.

“ரெண்டு எடம் கன்ஃபார்ம்” என்றேன்.

வண்ணாரப்பேட்டைக்காரி பென்சிலைக் கீழே வைத்தாள். “தண்ணியை யாராவது பாத்தாங்களா?”

“ரெண்டு ஆபீஸு சொல்லியாச்சேம்மா.”

“ஆபீஸ்ல ஆறு இல்லையே. கால் வெந்தவர் யாரு? அவரைத் தேடினோமா?”

“அவரு எங்க இருக்காரு? அவரே பொய். தெரிஞ்சவர்னு போட்டாலே பொய்னு நீதானே பட்டியல் போட்டே?”

அவள் என்னை விட்டுவிட்டாள். பிறகு நெட்டுக்குப்பத்தானிடம், “நீ ஒருதடவை நேர்ல பாத்துட்டு சொல்லேன்” என்றாள். அவன் சரி என்று மத்தியான ரயிலைப் பிடித்துப் போனான். ஆற்றங்கரையில் நின்று பார்த்தான். இறங்கிக் காலை நனைத்தான். ஒன்றும் செய்யவில்லை. வழக்கமான கருப்பு, வழக்கமான வாடை. சாயங்காலம் போன் செய்தான். “எப்பவும் கீற மாறிதான் கீதுபா.”

அவன் பார்த்தது தண்ணீர் ஏறுகிற நேரத்தில். கடல் உள்ளே வந்து ஆறு ததும்பிக்கொண்டிருந்தது. அவன் அம்மா இறங்குவது தண்ணீர் வற்றுகிறபோது, கடல் தன் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனபிறகு, ஆற்றில் இருப்பது மட்டும் மிச்சமிருக்கும் நேரத்தில். நெட்டுக்குப்பத்தில் நடக்கப் பழகுகிற பிள்ளைக்குத் தெரியும் அந்த வித்தியாசம். அவனுக்கும் தெரியும். ஆனால் அன்று அவன் மீனவன் மகனாகப் போகவில்லை, நிருபராகப் போனான். நிருபருக்கு ரயில் நேரம்தான் தெரியும்.

அவன் போன் வந்த பத்தாவது நிமிடம் சிவப்பு எழுத்து ஏறியது. எழுதியது நான், ஏனென்றால் அவள் எழுத மாட்டேன் என்றாள். ‘பொய். விசாரிக்கப்பட்டது. அதிகாரிகள் மறுப்பு. நேரில் பார்த்தோம். ஆற்றில் தாராளமாக இறங்கலாம்.’ அந்த ‘தாராளமாக’ நான் சேர்த்தது. வெங்காயம் மாதிரி. மொட்டையாக இருந்ததே என்று.

அவன் வீட்டில் போய்ச் சொன்னான். அம்மா சிரித்தாராம். “வெங்காயம் சொல்லிட்டானா? அப்ப சரி.”

செவ்வாய்க்கிழமை காலை தண்ணீர் வற்றியதும் ஏழு பேர் இறங்கினார்கள். தண்ணீர் ஒரு மாதிரி வழவழவென்று இருப்பதாக ஒருவர் சொல்லி ஏறிவிட்டார். உடம்பு நமைக்கிறது என்று மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். நெட்டுக்குப்பத்தானின் அம்மா மட்டும் ஏறவில்லை. மூன்று நாள் இறங்காததை ஒரே நாளில் எடுத்துவிடப் பார்த்தார். இந்த நமைச்சல், ஆற்றில் இறங்காமல் கிடந்த சோம்பேறித்தனம்தான் என்றாராம். உச்சிவேளைவரை சேற்றைத் தடவிக்கொண்டே இருந்தார். பறி நிறைந்திருந்தது என்று பிற்பாடு பார்த்தவர்கள் சொன்னார்கள்.

எனக்குச் சாயங்காலம் போன் வந்தது. நெட்டுக்குப்பத்தான் இல்லை, அவன் சித்தப்பா. “ஸ்டான்லில சேத்துக்கீறோம். கை ரெண்டும் தோலு உரிஞ்சி வந்துடுச்சு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இங்கே நான் ஒரு வீரனைப்போல ஆஸ்பத்திரிக்கு ஓடினேன் என்று எழுதிவிடலாம். இத்தனை வருடத்துக்குப் பிறகு யார் விசாரிக்கப் போகிறார்கள்? ஓடினேன்தான். பிரவுசிங் சென்டருக்கு. அழிப்பதற்கு.

எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஆள். ஒரு பள்ளிக்கூடப் பையனிடம், “தம்பி, உயிர் போற விஷயம்” என்று நாற்காலியைப் பிடுங்கினேன். பாஸ்வேர்டு மறந்துபோனது. என் சொந்தப் பிறந்த தேதி, அதை மூன்று முறை தப்பாகப் போட்டேன். வியர்வையில் கீபோர்டு வழுக்கியது. கடைசியில் உள்ளே போய் அழித்தேன். அழித்துவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்தேன். அந்தப் பள்ளிக்கூடப் பையன் பார்த்துக்கொண்டிருந்தான். “உயிர் போச்சா அண்ணே?” என்றான்.

அப்போது சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. தெரியாத எண். ‘எண்ணூர் ஆத்துல ஆசிட்னு வர்றது வதந்தி. பத்திரிகைக்காரங்க நேர்ல போய் பாத்துட்டாங்க. தாராளமா எறங்கலாம். பத்து பேருக்கு அனுப்பவும்.’

ஆறு மாதத்தில் எங்கள் பலகையிலிருந்து ஊர் எடுத்து அனுப்பிய ஒரே செய்தி அது. என்னுடைய ‘தாராளமா’ அப்படியே இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு மறுநாள்தான் போனேன். வண்ணாரப்பேட்டைக்காரி முன்தினமே போய்விட்டு வந்திருந்தாள். என்னிடம் அதைப் பற்றி அவள் பேசவில்லை, எதைப் பற்றியுமே பேசவில்லை. வராந்தாவில் நெட்டுக்குப்பத்தான் நின்றிருந்தான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“மாமு...”

“நான்தானே போய் பாத்தேன். வுடு.”

அடிப்பான் என்று தயாராக வந்திருந்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

உள்ளே அவன் அம்மாவின் கைகள் இரண்டும் கட்டுப் போட்டுத் தலையணைகள் மேல் கிடந்தன. என்னைப் பார்த்ததும் முகத்தில் ஏதோ வந்தது. பழைய குஷியில் பாதி இருக்கும்.

“வாடா. மூக்குல துண்டு கட்லியா?”

நான் சிரிக்க முயற்சி செய்தேன். என் வாழ்க்கையில் சிரிப்பு வராமல் போன ஒரே இடம் அது.

“மன்னிச்சிடுங்க அத்தை. நாங்க பொய்னு சொன்னதாலதான்...”

“நீ சொல்லாங்காட்டியும் நான் எறங்கிட்ருப்பேன்டா. மூணு நாளா ஆத்தையே பாத்துகினு குந்திகினு இருந்தேன். எவனாச்சும் எறங்குன்னு சொல்ல மாட்டானான்னு இருந்துச்சு. நீ சொன்னே.” பிறகு கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பினார். “ஒருத்தர் கால் வெந்துச்சுன்னு போட்டுகினு இருந்தாங்களே, அது யாருன்னு தெரியுமா? காட்டுக்குப்பத்துக்காரரு. அந்தாண்ட ஆம்பள வார்டுல கீறாரு. போய் பாத்துட்டுப் போ.”

நான் போகவில்லை. படியிறங்கி வந்துவிட்டேன்.

நடந்ததை எழுதிவிடவேண்டும் என்று பிறகு ஒரு வேகம் வந்தது. நாலு பக்கம் எழுதி, வகுப்புக்கு வரும் துணையாசிரியரிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார். அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது, அதைச் சொல்லவேண்டும். “கம்பெனி என்ன சொல்லுது?” என்றார். மறுக்கிறார்கள் என்றேன். “ஆபீஸ்?” மறுக்கிறார்கள். “தண்ணி சாம்பிள்?” அதற்குள் எட்டு நாள் ஆகியிருந்தது. ஆறு பதினாறு தடவை ஏறி வற்றியிருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘தோல் அழற்சி’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அவர் நாலு பக்கத்தையும் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“ரெண்டு எடத்துல உறுதியாகலையேப்பா.”

நெட்டுக்குப்பத்தான் அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. கன்டெய்னர் யார்டு ஒன்றில் கணக்கெழுதுகிற வேலைக்குப் போனதாகக் கேள்வி. வண்ணாரப்பேட்டைக்காரி படிப்பை முடித்தாள். பத்திரிகைக்குப் போகவில்லை, அத்தா கடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எங்கள் மூவரில் தொழிலுக்கு வந்தவன் நான் ஒருவன்தான். இன்று என் பேத்தல்களுக்கு வாரம் ஒரு பத்தி கொடுத்திருக்கிறார்கள். மக்கள் சிரிக்கிறார்கள் என்கிறார்கள். இப்போதெல்லாம் பொய்யைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கல்லூரிகளில் பேசக் கூப்பிடுகிறார்கள். போகிறேன். வெங்காயக் கதையைச் சொல்கிறேன். நன்றாகக் கைதட்டுகிறார்கள். இன்னொரு கதையைச் சொன்னதில்லை.

சில வருடம் கழித்து ஒருமுறை நெட்டுக்குப்பத்தில் அத்தை வீட்டுக்குப் போனேன். சோறு போட்டார். இறால் இல்லை, கத்திரிக்காய். கொதிக்கிற சட்டியை வெறும் கையால் அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். நான் பதறி எழுந்தேன். “உக்காரு, சுடாது” என்றார்.

கைகளில் தோல் திரும்ப வளர்ந்திருந்தது. விரல் நுனிகளில் உணர்ச்சி வரவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவர் ஆற்றில் இறங்கவில்லை.